கணனிக்கு நீர்ச்சுற்று வேண்டுமோ?

விளையாட்டுக் கணனிக்கு நீர்ச்சுற்று அமைப்பதே பெருமை என்னும் எண்ணம் மாணாக்கரிடையே பரவி வருகின்றது. யாம் அதனை முற்றும் மறுக்கவில்லை. 2025இல் வெளிவந்த என்விடியா ஆர்.டி.எக்ஸ். 5090 வரைகலை அட்டை 575 வாற்று மின் உண்பது; அவ்வெப்பத்தை நீர் ஓசை குறைவாகக் கொண்டு செல்லும். ஆயின், கொண்டு செல்லுமேயன்றி அழிக்காது. வெப்பம் அறைக்குள்ளேயே வந்து சேரும். அறைக்காற்றினும் அந்நீர் குளிர்ந்துவிடாது என்பதை வெப்பநாட்டாராகிய நாம் மறத்தலாகாது.

செப்புக் கட்டியோடு அலுமினிய வெப்பமாற்றியைச் சேர்ப்பின் அரிப்பு உண்டாகும். இதனினும் பெரிய இடர் வேறொன்று. ஓர் அட்டைக்கெனக் கடைந்த கட்டி அடுத்த அட்டைக்குப் பெரும்பாலும் பொருந்தாது. அட்டையை மாற்றுந்தோறும் நீரை வடித்து, குழாயைக் கழற்றி, புதுக் கட்டி வாங்கல் வேண்டும். மேம்படுத்தற்கு வைத்த பணம் குழாயிலே போய்விடும்.

பெற்றோர் பணத்தில் கணனி பூட்டும் மாணாக்கர் நல்ல விசிறியோடு அமைந்து, மிச்சத்தை நினைவகத்துக்கு இடுக. பொருளீட்டும் பழைய மாணவர் விரும்பின் நீர்ச்சுற்று அமைக்கட்டும்; கசிவும் அவர்களுடையதே.