திண்ணையை இடித்துவிட்டுப் பிளாரன்சு பார்க்கப் போனோம்

2025ஆம் யூபிலி ஆண்டில் உரோமைக்குத் திருப்பயணம் சென்ற நம்மவர் சிலர் பிளாரன்சு நகரையும் கண்டு திரும்பினர். திரும்பியவர் வாயெல்லாம் அந்நகரின் புகழே. தெருவே ஓர் அருங்காட்சியகம் என்றனர். சாதாரண மனிதரும் ஓவியத்திலிருந்து இறங்கி வந்தவர் போல் உடுத்தி நடக்கிறார்கள் என்றனர். நல்லது. ஆயின் அடுத்த மூச்சிலேயே, "நம் காஞ்சிபுரத்தில் என்ன இருக்கிறது, தூசியும் நெரிசலும் தவிர?" என்று முடித்தார்களே, அங்கேதான் நமக்கு வழக்கு.

பிளாரன்சைப் புகழ்வதில் நமக்கு மனத்தாங்கல் இல்லை. அதன் பழைய நகர்ப்பகுதி 1982இலேயே உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பட்டது. நம் பயணிகள் அங்கே எதை வியந்தார்கள்? மெதிச்சி குடும்பத்தின் மாளிகைச் சுவரை ஒட்டி, தெருவைப் பார்த்தபடி ஒரு நீண்ட கல்லிருக்கை ஓடுகிறது. பெருஞ்செல்வர் வீட்டின் வெளிப்புறம் வழிப்போக்கருக்கும் காத்திருப்போருக்கும் இடம் கொடுத்து நிற்கிறது. அதில் அமர்ந்து நிழற்படம் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். அதற்குத் தமிழில் திண்ணை என்று பெயர். பெரிய காஞ்சிபுரத்தில் நம் பாட்டனார் கட்டிய திண்ணைகளை, வண்டி நிறுத்தவும் கடை வைக்கவும் இடித்துத் தள்ளிய கைகளே அந்தப் படங்களை நமக்கு எடுத்துக் காட்டின.

பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் விடியற்காலையில் நடந்தவர்க்குத் தெரியும், அங்கே தெரு என்பது போக்குவரத்துக்கு மட்டும் உரியதன்று. வெயில் ஏறுமுன் பட்டுப்பாவைத் தெரு நீளத்துக்கு விரித்து நீட்டிச் சீர்செய்வார்கள். வீட்டுக்குள் குழித்தறி, வாசலில் திண்ணை, திண்ணையில் தார் சுற்றும் மூதாட்டி. வீடும் பட்டறையும் தெருவும் ஒரே கட்டடமாக இயங்கிய அமைப்பு அது. அந்தத் தெருக்களைத் தாண்டினால், 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்ம பல்லவன் எழுப்பிய கைலாசநாதர் கோயில். கிழக்கே வந்தால், கிருட்டிணதேவராயர் 1509இல் கட்டிய 192 அடி உயர ஏகாம்பரநாதர் கோபுரம். 1915ஆம் ஆண்டு வாக்கில் சென்னை மாகாண நகரங்களை ஆராய வந்த ஸ்காட்லாந்து நாட்டு நகரமைப்பு அறிஞர் பாட்ரிக் கெட்டிஸ் இந்நகரின் அமைப்பைப் பாராட்டி எழுதினார். வெளியூரான் கண்ணுக்குப் பட்டது நம் கண்ணுக்கு இன்னும் படவில்லை. (இது நமக்குப் பழக்கமான நோய்தான்.)

இனி, அழகைவிட முதன்மையான ஒன்று. பிளாரன்சும் பட்டு நகரமே. அங்கே பட்டுத் தொழிலோர் ஒரு சங்கமாகத் திரண்டிருந்தனர். 1419இல் அச்சங்கம் தன் பொறுப்பில் ஒரு கட்டடத்தைத் தொடங்கிற்று. வணிகச் சந்தையன்று, கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான இல்லம். வடிவமைத்தவர் புருனெலெசுக்கி. மெல்லிய தூண்களின் மேல் அரைவட்ட வளைவுகள் வரிசையாக நிற்கும் அதன் முகப்பு மறுமலர்ச்சிக் கட்டடக் கலையின் முதல் படைப்புகளுள் ஒன்று. 1445இல் முதற்குழந்தை உள்ளே ஏற்கப்பட்டது. பின்னர், துணியில் பொதிந்த மழலைகளின் நீல வெண்மை உருவங்களை அந்திரேயா தெல்லா ரோபியா அம்முகப்பில் பதித்தார். நம் பயணிகள் கொண்டு வந்த படங்களில் அந்த மழலைகளும் உண்டு. பட்டு விற்ற பணம் ஏன் குழந்தைகளைத் தேடிப் போயிற்று என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

பிளாரன்சுச் சங்கத்தாரைப் புனிதராக்குவது நம் நோக்கமன்று. கூலிக்கு உழைத்தோர்க்கு அந்நகர முதலாளிகள் இழைத்த கொடுமை 1378இல் கம்பளித் தொழிலாளரின் கலகமாகவே வெடித்தது. ஆயினும் இலாபத்தில் ஒரு பங்கு குழந்தைக்கு உரியது என்பதையாவது அவர்கள் கல்லில் எழுதி வைத்தார்கள். நாம் என்ன எழுதி வைத்தோம்?

காஞ்சிப் பட்டின் பெருமை கோர்வை. கரையையும் உடலையும் தனித்தனி நிற நூலால் நெய்து, இரண்டையும் ஊடிழையிலேயே பூட்டுவது. அதற்கு மூன்று நாடா வேண்டும். நெய்பவர் ஒருவர் கை போதாது. பக்கத்தில் ஒருவர் அமர்ந்து மறுகரை நாடாவை வாங்கித் தரவேண்டும். அந்த இடத்தில் நெடுங்காலம் அமர்ந்தவை சிறு பிள்ளைகள். முன்பணம் என்ற பெயரில் பெற்றோர் வாங்கிய கடனுக்கு ஈடாகப் பள்ளியை விட்டுத் தறிக்குப் போனவர்கள் அவர்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986இல் வந்தது. அதற்குப் பின்னும், 2003இல் வெளியான மனித உரிமைக் கண்காணிப்பகத்தின் அறிக்கை காஞ்சிபுரத்தைப் பெயர் சொல்லிச் சுட்டியது. நம் இல்லங்களில் பெட்டிக்குள் உறங்கும் பழைய பட்டுகளுள் எத்தனை அந்தப் பிஞ்சு விரல் பட்டவை? அவற்றை உடுத்தித்தான் நாம் பீடத்தின்முன் நின்றோம். இன்று நிலை பெரிதும் மாறியிருக்கிறது. நெசவாளர் பிள்ளைகள் படித்துவிட்டு ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளுக்குப் போகிறார்கள். தறியில் அவர்களுக்கு வாழ்வில்லை என்பதால் போகிறார்கள். 2005இல் கிடைத்த புவிசார் குறியீடு துணிக்குக் காப்பு தந்தது. துணியை நெய்தவர்க்கு அவ்வளவு தரவில்லை.

"கோயில் நகரம் அது; சிறுபான்மையரான நமக்கு அங்கே என்ன?" என்பார் உளர். மணிமேகலைக் காலத்துப் பௌத்தருக்கும், திருப்பருத்திக்குன்றத்துச் சமணருக்கும் இடமிருந்த ஊரில் நமக்கு மட்டும் அயன்மை எங்கிருந்து வந்தது? இத்தாலியில் பிறந்த தே நோபிலி மதுரைக்கு வந்து காவி உடுத்தார். அதே நாட்டில் பிறந்த வீரமாமுனிவர் கோணான்குப்பத்தில் அன்னை மரியாவுக்குத் தமிழ்ப் பெண்ணின் கோலம் தந்தார் என்பது வழிவழி வரும் செய்தி. வேளாங்கண்ணி அன்னை உடுத்தியிருப்பதும் சேலையே. எந்தக் கலைப்பாணியையும் தனக்கே உரியதெனத் திருச்சபை கொண்டதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இலேயே திருவழிபாட்டு ஏட்டில் அறிவித்துவிட்டது. இத்தாலியர் இங்கு வந்து நம் கோலம் பூண்டனர். நாமோ சிமெண்டில் கூர்முனைக் கோபுரம் வார்த்து, மணமகளுக்கு வெள்ளை கவுன் தைத்து, அதை முன்னேற்றம் என்கிறோம்.

பட்டு உடுத்துவோரும் எளிதில் தப்ப இயலாது. கூலியைப் பிடித்து வைத்த செல்வரை யாக்கோபு திருமுகத்தின் ஐந்தாம் அதிகாரம் விட்டுவைக்கவில்லை. அதை நாம் ஞாயிறு வாசகத்தில் கேட்டிருக்கிறோம். விசைத்தறித் துணியைக் கைத்தறியென விற்பதை அறிந்தும் விலை மலிவென்று வாங்குவது, நெய்தவரின் கூலியில் நாமும் கைவைப்பதேயாகும். ஆகவே அடுத்த திருமணத்துக்குப் பட்டெடுக்க இராச வீதிக்குச் செல்லும்போது, கரையின் அகலத்தையும் சரிகையின் தரத்தையும் விசாரித்த பின், இன்னும் இரண்டைக் கேட்போம்: இது எந்தத் தெருவில் நெய்யப்பட்டது? நெய்தவர்க்குக் கூலி எவ்வளவு? எத்தனை கடைகளில் விடை கிடைக்கிறது என்பதை நம் பங்குகளிலிருந்து இவ்விதழுக்கு எழுதியனுப்புவோம்.