தெரிந்த பெயரில் வரும் புழு

யாழ்ப்பாணத்தின் நெடுந்தீவில் ஒருவர் காலமானால், குமுதினிப் படகு குறிகட்டுவான் இறங்குதுறையை வந்தடைய முன்பே செய்தி ரொறன்ரோவுக்கும் பாரிஸுக்கும் போய்விடுகிறது. ஊர் வட்ஸ்அப் குழுவில் மரண அறிவித்தல் விழும். அதன் கீழே கைகூப்பிய படங்கள் வரிசையாக வரும். நயினாதீவு அம்மனின் ஆனித் திருவிழா, பாடசாலைக் கட்டட நிதி, குடிநீர்ப் பிரச்சினை எல்லாம் பேசப்படுவதும் அங்கேதான். போரால் சிதறிப்போன தீவக மக்களை இன்று சேர்த்து வைத்திருப்பது இந்தக் குழுக்களே. ஆபத்தும் அதே வழியால்தான் வருகிறது.

தெரிந்தவர் பெயரில் செய்தியாக வந்து, தானே அடுத்தவருக்குப் பரவும் தீய நிரலைக் கணினிப் புழு என்பார்கள். 2005 ஏப்ரலில் கெல்விர் என்ற அத்தகைய புழு புகுந்ததால், ரொய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் தன் உடனடி உரையாடல் சேவையையே நிறுத்திவைத்தது. 2012 ஒக்டோபரில் ஸ்கைப்பின் முறை. "இது உன் புதிய படமா?" என்று நண்பரின் பெயரில் ஒரு வரி, கூடவே ஓர் இணைப்பு. அதை அழுத்தி, இறங்கும் கோப்பைத் திறந்தவரின் கணினியில் புழு ஏறியது. அவருடைய தொடர்புப் பட்டியலில் இருந்தவர்களுக்கும் அதே வரி அவர் பெயரிலேயே போனது. சிலரின் கோப்புகளைப் பூட்டிவிட்டு 200 டொலர் கேட்டது.

2025இல் பிரேசிலில் பரவிய புழு வட்ஸ்அப்பில் ரசீது போல ஒரு சிப் (ZIP) கோப்பாக வந்தது. கணினியில் திறந்தால், அங்கே இயங்கும் வட்ஸ்அப் வெப் வழியாகத் தொடர்புகளுக்கும் குழுக்களுக்கும் தானே தன்னை அனுப்பியது.

இலங்கையில் இப்படித் தெரிந்தவர் பெயரில் பரவ நிரல்கூடத் தேவைப்படவில்லை. ஒருவரின் வட்ஸ்அப் கணக்கை வேறொரு கைபேசியில் திறக்க 6 இலக்கக் குறியீடு ஒன்று வேண்டும். அது உரியவருக்குக் குறுஞ்செய்தியாக வரும். "அக்கா, ஒரு கோட் மாறி உங்கட நம்பருக்கு வந்திட்டுது, ஒருக்கா அனுப்பிவிடுங்கோ" என்று, ஏற்கெனவே பறிபோன உறவினரின் கணக்கிலிருந்து கேட்பார்கள். அக்கா அனுப்பிவிடுவார். அடுத்த நிமிடமே அவர் பெயரில் அவசரக் காசு கேட்டுச் செய்தி போகும். அங்கிருந்து இன்னொருவரின் கணக்கு. புழு பரவும் முறையேதான் இது. இந்த மோசடி குறித்து, கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் இலங்கை சேர்ட் (CERT) அமைப்பும் எச்சரித்திருக்கிறது.

ஏமாந்தவர்களை விபரம் தெரியாதவர்கள் என்று ஏசுவது அநியாயம். சொந்தத்துக்கு உதவத்தான் அவர்கள் நினைத்தார்கள். பொறுப்பெடுக்க வேண்டியவர்கள் குழு நிர்வாகிகளும், புலம்பெயர் நாடுகளில் உள்ள ஊர்ச் சங்கங்களும், பழைய மாணவர் சங்கங்களுமே. இவர்களின் ஒரு கணக்கு பறிபோனால் ஒரு ஊரின் நம்பிக்கையே திருடனின் கைக்குப் போகும். ஆகவே ஒவ்வொரு நிர்வாகியும் வட்ஸ்அப்பின் இரு படிச் சரிபார்ப்பைப் போட்டே ஆகவேண்டும். அதில் தானே தெரிவுசெய்யும் இரகசிய இலக்கம் இருந்தால், குறுஞ்செய்திக் குறியீடு மட்டும் களவுக்குப் போதாது.

இன்னொன்று, நிதி சேர்க்கும் வங்கிக் கணக்கு இலக்கத்தைப் பொதுக்கூட்டத்தில் அறிவித்து, பற்றுச்சீட்டிலும் அச்சிட வேண்டும். வங்கிக் கணக்கு மாறிவிட்டதென்று குழுவில் செய்தி வந்தால், பொருளாளருக்கு அழைப்பெடுத்து அவர் குரலைக் கேட்காமல் ஒருவரும் காசு போடக்கூடாது. அடுத்த ஆனித் திருவிழாவுக்குக் காசு சேர்க்கத் தொடங்குமுன் சங்கங்கள் இதை முடிவெடுத்து ஊருக்கு அறிவிக்க வேண்டும்.