பிலோமினா என்றொரு பெயர்

என் அக்கா பெயர் பிலோமினா. பள்ளியில் மதாம் ‘ஃபிலோமேன்’ என்பார், வீட்டில் பிலோமி. அப்போதெல்லாம் புதுச்சேரியில் பூசை முடிந்து வெளியே வரும்போது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். இப்போது ஞானஸ்நானத்தில் அதைக் கேட்டே வெகுநாளாகிறது.

1802-இல் ரோமில் பிரிசில்லா நிலத்தடிக் கல்லறையில் மூன்று ஓடுகளால் மூடிய ஒரு குழியைக் கண்டார்கள். வரிசையாகப் படித்தால் ‘லூமெனா பாக்ஸ் தேகும் ஃபி’. பொருளே இல்லை. முதல் ஓட்டைக் கடைசியில் வைத்தார்கள்: ‘பாக்ஸ் தேகும் ஃபிலூமெனா’, உனக்குச் சமாதானம் பிலோமினா! பிரான்சில் ஆர்ஸ் ஊர்ப் பங்குக் குரு வியான்னி அவள் மேல் கொண்ட பக்தியால் பெயர் எங்கும் பரவியது. மைசூரில் அவள் பெயரில் பேராலயமே இருக்கிறது.

வரலாறு தெரியவில்லை என்று 1961-இல் ரோமாபுரி அவள் திருநாளை நாட்காட்டியிலிருந்து எடுத்துவிட்டது. "அப்போ எனக்குப் பெயர்த் திருநாளே கிடையாதா?" என்று அக்கா அழுதாள். அம்மா ஒன்றும் பேசாமல் ஆகஸ்ட் 11 அன்று வழக்கம்போல் பாயசம் வைத்தார்.

எடுத்தது திருநாளைத்தானே, பெயரை இல்லையே! கிரேக்கத்தில் அதற்கு ‘நேசிக்கப்பட்டவள்’ என்று பொருள். ‘ஷ்’, ‘ஸ்ரீ’ என்று பொருள் தெரியாமல் வைப்பதைவிட இது எவ்வளவோ மேல். பேத்திக்கு வைக்கச் சொன்னேன். "பழைய பெயர்ப்பா" என்றான் மகன். இரண்டாம் பெயராகவாவது எழுது என்றிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.