வெள்ளைக்காரன் விட்டுச்சென்ற இரும்பா?

பழைய மொரிஸ் மைனரைத் திருத்தி ஓட்டுவது காலனித்துவ மோகம் என்று நண்பர்கள் சிலர் ஏளனம் செய்கின்றனர். மாவடிப்பள்ளியிலிருந்து அக்காரை நேசிப்பவன் என்ற வகையில் பதில் சொல்லியாக வேண்டும்.

அதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் பிறந்ததே இன்றைய துருக்கியின் இஸ்மிர் நகரில். 1948இல் தொடங்கிய உற்பத்தியைப் பிரித்தானியா 1971இல் கைவிட்டது, நம்மவர்கள் கைவிடவில்லை. 1990களில் டியூரபிள் கார் கம்பனி அதன் உதிரிப்பாகங்களை இலங்கையில் செய்து இங்கிலாந்துக்கே அனுப்பியது. யார் யாரிடம் கையேந்தினர்?

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரி வரை வழி திறக்கவில்லை. அந்நாட்களில் பழுதுபார்க்கத் தெரிந்த கைகளே நம் வாகனங்களை ஓடவைத்தன.

என் கோபம் வேறிடத்தில். ஜப்பான் எஞ்சினைப் பொருத்தி, மேலே பெயின்ற் அடித்துப் 'புராதனக் கார்' என்போர் மீது. தனிச் சட்டகம் இல்லாத இக்காருக்கு அடித்தகடே உயிர். கடற்காற்றில் துருவேறிய அத்தகட்டை வெட்டி ஒட்டத் தெரிந்த டிங்கர் தொழிலாளியிடம் ஒரு பையனையேனும் பழகவிடாதோர் மீது. அக்கைகள் ஓய்ந்தால் ஒரு தொழிலையே அடக்கம் செய்வோம்.

ஏளனம் செய்வோரே, எது அடிமைத்தனம்? திருத்தத் தெரிந்திருப்பதா, புதியதற்காகக் கப்பலைப் பார்த்திருப்பதா?