போன்சாய்க்காரரின் கத்தரியும் தெருமரத்தின் அரிவாளும்

போன்சாய் வளர்ப்பது கொடுமை என்று சொல்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். என் வகுப்பு மாணவர்களில் பாதிப் பேர் அந்தக் கட்சிதான். வானுயர வளர வேண்டிய அரசமரத்தை ஒரு தட்டில் அடைத்து, வேரை நறுக்கி, கிளைக்குக் கிளை கம்பி சுற்றி வளைக்கிறார்களே, இது வதையல்லவா என்று கேட்கிறார்கள். பழைய சீனாவில் பெண் குழந்தைகளின் பாதங்களைத் துணியால் இறுக்கிக் கட்டி வைத்தார்களே, அதைப் போன்றதுதானே இதுவும் என்கிறார்கள்.

நான் எதிர்க்கட்சி. பாதத்தில் நரம்பு உண்டு, அந்தக் குழந்தை இரவெல்லாம் அழுதது. மரத்துக்கு நரம்பும் இல்லை, மூளையும் இல்லை. ஆனால் இந்த ஒரு பதிலோடு வழக்கு முடிந்துவிடாது. வலி தெரியாத மரத்தையும் நாசமாக்க முடியும். ஆகவே வேறொரு அளவுகோலை எடுத்துக்கொள்வோம். வெட்டிய இடம் மூடிக்கொள்கிறதா? வளைத்த கிளை தளிர்க்கிறதா? மரம் நீண்ட நாள் வாழ்கிறதா? இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், மதுரையில் வதைபடும் மரங்கள் தட்டில் இல்லை, தெருவில் நிற்கின்றன.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைப் போக்கிவிடுவோம். போன்சாய் என்பது தனி இனமோ குட்டை ரகமோ அல்ல. அந்த ஜப்பானியச் சொல்லுக்குத் தட்டில் நட்டது என்று பொருள். தட்டில் நிற்கும் அத்தி மரத்தின் ஒரு குச்சியை வெட்டித் தோட்டத்தில் நட்டால், அது வழக்கமான அத்தியாகத்தான் உயரும். குட்டையாக இருப்பதற்குக் காரணம் வேருக்குக் கிடைக்கும் மண்ணின் அளவும் கத்தரியும்தான். நம் ஊர்ப் பழைய மதில்களையும் மாடிக் கைப்பிடிச் சுவர்களையும் அண்ணாந்து பாருங்கள். விரிசலில் முளைத்த அரசங்கன்று பல ஆண்டுகளாகியும் முழங்கை நீளம்தான் இருக்கும். நாகமலை அடிவாரத்து மேய்ச்சல் நிலங்களில் ஆடு கடித்துக் கடித்துக் குடை போலப் படர்ந்து நிற்கும் முட்செடிகளையும் பார்த்திருப்பீர்கள். ஆட்டின் வாய்தான் நம் ஊரின் முதல் போன்சாய்க் கத்தரி!

ஆயுள் குறைந்துவிடும் என்பதும் சரியல்ல. ஹிரோஷிமாவில் ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாக வளர்த்து வந்த ஊசியிலை மரம் ஒன்று 1625 முதல் தட்டில் இருந்து வருகிறது. 1945இல் அணுகுண்டு விழுந்தபோது அது சுமார் 3 கிலோமீட்டர் தொலைவில் ஒரு மதிலுக்குப் பின்னால் இருந்து தப்பியது. 1976இல் அமெரிக்காவுக்கு அன்பளிப்பாகத் தரப்பட்டு, வாஷிங்டனில் இன்றும் பசுமையாக நிற்கிறது. கவனிப்பு இருந்தால் தட்டு ஒரு சிறையாகிவிடுவதில்லை.

அந்தக் கவனிப்பில் முதலாவது, காலம். இலையுதிர் மரங்களின் கிளைகளைக் குளிர்காலக் கடைசியில், மரம் வெறுமையாக நிற்கும்போது வெட்டி உருவாக்க வேண்டும் என்று ஜப்பானிய, ஆங்கிலப் புத்தகங்கள் சொல்கின்றன. அதை அப்படியே நம்பி டிசம்பரிலோ ஜனவரியிலோ கத்தரியை எடுத்தால் என்ன ஆகும்? மதுரையில் அப்போதுதான் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும். அரசும் புங்கமும் முழு இலையோடு நிற்கும். அங்கே மரம் இலையை உதிர்ப்பது குளிருக்காக. இங்கே உதிர்ப்பது வறட்சிக்காக. நம் அரசும் வேம்பும் புங்கமும் இலை கொட்டுவது மாசி, பங்குனியில்தான். வாகை அதற்கு முன்பே மொட்டையாகி, காய்ந்த நெற்றுகளைக் காற்றில் கலகலவென்று ஆட்டிக்கொண்டிருக்கும். சித்திரை பிறப்பதற்குள் வேம்பு பூவோடு வந்துவிடுகிறது, நாம் பச்சடிக்குப் பறிக்கிறோம்.

எனவே நமக்கான நேரத்தை மரம்தான் சொல்ல வேண்டும், புத்தகத்து மாதம் அல்ல. இலை உதிர்ந்து, மொட்டுகள் லேசாகப் பருக்கத் தொடங்கும் அந்தச் சில நாட்கள்தான் ஏற்றவை. அப்போது மரம் சேமித்த மாவுச்சத்து தண்டிலும் வேரிலும் இருக்கிறது. வெட்டினால் இழப்பது குச்சியைத்தான், சேமிப்பில் பெரும்பகுதி தப்பிவிடும். அடுத்த இரண்டு வாரங்களில் அந்தச் சேமிப்பையெல்லாம் செலவழித்துத்தான் மரம் தளிர் விடுகிறது. செலவு முடிந்து வரவு தொடங்காத நேரத்தில், அதாவது தளிர் இன்னும் துவண்டு சிவந்திருக்கும்போது, பெரிதாக வெட்டினால் மரம் கடனாளியாகிவிடும். அதற்குள் அக்னி நட்சத்திர வெயிலும் வந்துவிடும்.

இனி வளைப்பதைப் பார்ப்போம். இது என் பாடம் என்பதால் சற்று நின்றுதான் போவேன். முருங்கை மரத்தில் ஏறாதே, ஒடிந்து விழுவாய் என்று பாட்டிமார் எச்சரிப்பார்கள். அதே சமயம் அந்தக் கால வாத்தியார்கள் கையில் இருந்தது புளியம் விளாறு. எத்தனை முதுகுகளைப் பார்த்தாலும் ஒடியாது. ஒரே தடிமனுள்ள முருங்கைக் குச்சியையும் புளியங்குச்சியையும் எடுத்து வளைத்துப் பாருங்கள். ஒரு குச்சியை வளைக்கும்போது அதன் வெளிப்புறம் இழுபடுகிறது, உட்புறம் நசுங்குகிறது. நடுவில் ஒரு கோடு இழுபடாமலும் நசுங்காமலும் இருக்கிறது. அதை நடுநிலை அச்சு என்கிறோம். அச்சிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறதோ அவ்வளவு இழுவிசை. முறிவு பெரும்பாலும் வெளிப்புறத்தில் தொடங்குவது இதனால்தான்.

4 மி.மீ. தடிமனுள்ள கிளையை, 10 செ.மீ. ஆரமுள்ள வட்டத்தின் வில்லாக வளைக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். அச்சிலிருந்து வெளிப்பட்டை 2 மி.மீ. தள்ளி இருக்கிறது. 100 மி.மீ.க்கு 2 மி.மீ., அதாவது 2 சதவீதத் திரிபு. தடிமன் 12 மி.மீ. ஆனால் இதே வளைவுக்குத் திரிபு 6 சதவீதம். பட்டையும் கட்டையும் கிழிந்துவிடும். விசையோ தடிமனின் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் கூடுகிறது. தடிமன் 3 மடங்கு என்றால் தேவைப்படும் விசை 81 மடங்கு! இளங்கிளையை விரலால் வளைத்துவிடலாம், முற்றிய கிளையிடம் பலசாலியும் தோற்பான்.

வளைத்த கிளை கம்பியை எடுத்த பிறகும் ஏன் நிமிர்ந்துவிடுவதில்லை? கட்டை மெல்ல மெல்ல இணங்கிப்போவது ஒரு காரணம். அதைவிட அழகான காரணம் இன்னொன்று இருக்கிறது. 4 மி.மீ. கிளை கம்பிக்குள் இருக்கும்போதே சுற்றிலும் அரை மில்லிமீட்டர் பருத்து 5 மி.மீ. ஆகிறது. 4இன் நான்காம் அடுக்கு 256, 5இன் நான்காம் அடுக்கு 625. அப்படியானால் இப்போதைய விறைப்பில் பாதிக்கும் மேல், சுமார் 59 சதவீதம், புதிதாக வந்த அந்த மெல்லிய உறையால் கிடைப்பது. புதிய கட்டை வளைந்த நிலையிலேயே பிறந்தது. அதற்கு அந்த வளைவுதான் இயல்பு. உள்ளே இருக்கும் பழைய கட்டை நிமிரப் பார்க்கிறது, வெளியே இருக்கும் புதியது விடுவதில்லை. மரத்தை நாம் வளைத்து வைக்கிறோம், அந்த வளைவை நிலைப்படுத்துவது மரமே.

சுற்றும் கம்பியிலும் ஒரு வேடிக்கை உண்டு. செம்புக் கம்பியை நெருப்பில் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டால் மெழுகு போல் வளையும். ஆனால் வளைக்க வளைக்க அது இறுகும். அதனால் கிளையைச் சுற்றி முடித்ததும் விறைப்பாக நின்று பிடிக்கும். அலுமினியம் மலிவு, ஆனால் அதன் யங் குணகம் செம்பைவிடக் குறைவு, எனவே சற்றுத் தடித்த கம்பி வேண்டும். எதுவானாலும் கிளை பருக்கும்போது கம்பி பட்டைக்குள் பதியும். குளிர்நாட்டில் பல மாதம் விட்டு வைக்கலாம். நம் ஊரில் தளிர் வேகமெடுத்தால் சில வாரங்களே போதும். நல்ல வளர்ப்பாளர் வாரந்தோறும் பார்ப்பார். எடுக்கும்போது கம்பியைத் திருகி அவிழ்க்காமல், துண்டு துண்டாக நறுக்கி எடுப்பார்.

இப்போது நம் சாலையோரப் புங்க மரங்களைப் பாருங்கள். கன்றாக இருந்தபோது வைத்த இரும்புக் கூண்டின் வளையம் பல மரங்களில் அடிமரத்துக்குள் புதைந்து கிடக்கிறது. விளம்பரத் தட்டி கட்டிய கம்பியும் அப்படியே. போன்சாயில் ஆறு வாரத்தில் எடுக்கப்படும் கம்பி, தெருவில் ஆயுள் முழுவதும் இருக்கிறது. எது வதை?

வளைக்கும்போது கிளை விரிசல் விட்டால் பதற வேண்டாம். விளிம்புகள் உலர்வதற்குள், அன்றைக்கே, இரண்டு பக்கத்தையும் பொருத்தி இறுகக் கட்ட வேண்டும். ஜப்பானியர் ஒரு வகைப் பனையின் நாரைப் பயன்படுத்துகிறார்கள். மதுரையில் மல்லிகை தொடுக்கும் வாழைநார் இருக்கும்போது நமக்கென்ன குறை? நனைத்த நாரை நெருக்கமாகச் சுற்றி, பக்கத்தில் ஒரு குச்சியை வைத்துக் கட்டிவிடுங்கள். பட்டைக்கு அடியில் இருக்கும் கேம்பியம் என்ற மெல்லிய அடுக்குதான் புதுத் திசுவை உண்டாக்குகிறது. கிளை அசைந்தால் அந்த இளந்திசு அறுந்துபோகும், ஆகவே அசையவே கூடாது. முழுதாக ஒடிந்து பட்டையில் மட்டும் தொங்கும் கிளையைக் காப்பாற்றப் போராடுவதில் பயனில்லை, வெட்டிவிடுவதே மேல்.

எங்கே வெட்டுவது? அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷைகோ என்ற விஞ்ஞானி ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் அறுத்து உள்ளே பார்த்தார். 1977இல் வெளிவந்த அவருடைய கையேடு பழைய நம்பிக்கைகளைப் புரட்டிப் போட்டது. நம் தோலில் புண் ஆறும்போது அழிந்த செல்களின் இடத்தில் புதிய செல்கள் வருகின்றன. மரத்தில் அப்படி நடப்பதில்லை. அடிபட்ட கட்டை அடிபட்டதாகவே உள்ளே இருக்கும். மரம் அதைச் சுற்றி ரசாயனச் சுவர் எழுப்பிப் பிரித்து வைத்து, மேலே புதுக் கட்டையால் மூடிவிடுகிறது. இந்தச் சுவர் நன்றாக எழும்பும் இடம் கிளையின் கழுத்து. கிளை புறப்படும் இடத்தில் லேசாக வீங்கி வளையம் போலத் தெரிகிறதே, அதுதான். கழுத்துக்கு வெளியே ஒட்டினாற்போல் வெட்ட வேண்டும். கழுத்தையும் சேர்த்து மழித்தால் அடிமரத்திலேயே காயம். முளைக்குச்சி விட்டு வெட்டினால் அது காய்ந்து, மட்கி, பூஞ்சைக்கு வாசலாகும். தாரும் பெயிண்டும் பூசினால் அழுகாது என்பதும் பொய்த்துப்போன நம்பிக்கைதான். சிறிய போன்சாய்க் காயத்தில் பசை தடவுவது விளிம்பு வெயிலில் உலராமல் இருப்பதற்காக மட்டுமே.

காயம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குக் கல்கத்தா அருகே சிப்பூர் தாவரவியல் பூங்காவின் பெரிய ஆலமரம் சாட்சி. 1864, 1867 புயல்களில் அதன் பெரிய கிளைகள் முறிந்தன. காயங்கள் வழியே பூஞ்சை புகுந்து அடிமரம் அழுகியது. 1925இல் அதை அகற்ற வேண்டியதாயிற்று. விழுதுகள் இருந்ததால் ஆல் பிழைத்தது. வேம்புக்கு ஏது விழுது?

மழைக்காலத்துக்கு முன் மதுரைத் தெருக்களில் கம்பிக்கு இடைஞ்சலான கிளைகளை வெட்டுகிறார்கள். வெட்டத்தான் வேண்டும், அதில் சண்டையில்லை. ஆனால் எப்படி? கிளையின் நடுவில் ஒரே வெட்டு. கிளை தன் பாரத்தால் சாய்ந்து, அடிமரத்துப் பட்டையை ஒரு முழம் உரித்துக்கொண்டு விழும். மரத்தின் மேலிருந்த ஒருவரிடம், "ஏண்ணே, கொஞ்சம் கழுத்தை ஒட்டி வெட்டினா என்ன?" என்று கேட்டேன். "கம்பி தெரிஞ்சாப் போதும்னாங்க சார். இன்னிக்கு இந்தத் தெரு பூரா முடிக்கணும்" என்றார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

இதில் பாதுகாப்பும் அடங்கியிருக்கிறது. நடுவில் வெட்டுண்ட கிளையின் முனையில், பட்டைக்கு அடியில் உறங்கும் மொட்டுகள் விழித்து விளாறு விளாறாகக் கிளம்பும். பார்க்கச் செழிப்பாக இருக்கும். ஆனால் இயல்பான கிளையைப் போல் அவை அடிமரத்தின் உள்ளே வேரூன்றியவை அல்ல. மேல் அடுக்கில் மட்டும் ஒட்டிக்கொண்டிருப்பவை. கீழே முளைக்குச்சி மட்கிக்கொண்டிருக்கும், மேலே விளாறு பருத்துக்கொண்டிருக்கும். சில ஆண்டுகளில் ஒரு ஐப்பசிக் காற்றில் அது கீழே நிற்கும் சைக்கிளின் மேல் விழும். கம்பிப் பக்கம் மட்டும் மொட்டையடித்த மரத்தில் பாரமெல்லாம் ஒரே பக்கம், திருப்புத்திறனும் ஒரே பக்கம். விபத்தைத் தடுக்க வெட்டியதே அடுத்த விபத்துக்கு அடிபோடுகிறது.

போன்சாய்க்காரர்களில் எல்லோரும் உத்தமர்கள் என்று நான் சொல்லவில்லை. கம்பியோடு வாங்கி, கம்பியோடு சாகவிடுபவர்களும் உண்டு. ஆனால் கழுத்தை அறிந்து வெட்டும் பழக்கமும், மொட்டு பருக்கும் நாளுக்காகக் காத்திருக்கும் பொறுமையும் அந்தக் கூட்டத்தில்தான் இருக்கின்றன. அரிவாள் எடுப்பவர்களுக்கு ஒரே ஒரு நாள் பயிற்சி போதும். கழுத்திலிருந்து ஒரு முழம் தள்ளி அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு ஆழம் ஒரு வெட்டு, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து ஒரு வெட்டு, கிளை பட்டையை உரிக்காமல் விழுந்தபின் கழுத்தை ஒட்டிக் கடைசி வெட்டு. ரம்பம் இருந்தால் இன்னும் நல்லது. இதைக் கேட்டு மாநகராட்சிக்கு எழுத மாணவர்களுக்கும் உரிமை உண்டு.

எழுதுவதற்கு முன் உங்கள் தெருவில் எண்ணிக்கை எடுங்கள். வெட்டுப்பட்ட மரங்கள் எத்தனை, கழுத்தை ஒட்டி வெட்டியவை எத்தனை, முளைக்குச்சி நிற்பவை எத்தனை, பட்டை உரிந்தவை எத்தனை, கூண்டு பதிந்தவை எத்தனை. ஓராண்டு கழித்து அதே மரங்களிடம் திரும்பப் போய், காயத்தைச் சுற்றிப் புதுப்பட்டை எத்தனை மில்லிமீட்டர் உருண்டு வந்திருக்கிறது என்று அளவுகோலை வைத்துப் பாருங்கள்.