பருந்துப் படத்துக்குக் கீழே என்ன எழுதுவது?

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் பெரும்பாக்கம் குடியிருப்புப் பிள்ளைகளோடு நாங்கள் பறவை பார்க்கப் போவதுண்டு. கூவம், அடையாறு கரைகளிலிருந்து பெயர்த்து வந்து அடுக்குமாடிகளில் போடப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள். நண்பர் ஒருவர் கொடுத்த பழைய சூம் கேமரா ஒன்றுதான் இருக்கிறது. ஆளுக்குப் பத்து நிமிடம். பள்ளிக்கரணை சதுப்புநிலம் பக்கத்திலேயே. 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த நிலம் அது. பூநாரை வந்தால் சாலையோரம் லட்ச ரூபாய் லென்ஸ்கள் வரிசை கட்டி நிற்கும். அந்த வரிசையில் எங்கள் பிள்ளைகள் போய் நின்றால் என்ன நடக்கும் என்பதைத் தனியாக எழுத வேண்டும். இன்று ஒரு பருந்தைப் பற்றி மட்டும்.

ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண், பெருங்குடிக் குப்பைமேட்டுப் பக்கமிருந்து எழும்பி வந்த கரும்பருந்தைப் படமெடுத்தாள். லேசான வேலையில்லை. வெளுத்த வானத்தில் கறுத்த பறவை வந்தால் கேமரா வானத்துக்கு ஏற்ப வெளிச்சத்தைக் குறைத்து, பறவையை வெறும் நிழலாக்கிவிடும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் கூட்ட வேண்டும். கூட்டினாள். பிளவுபட்ட வால், இறக்கையின் பழுப்பு, கண் எல்லாம் தெளிவாக விழுந்திருந்தன. அவளுக்காக நாங்களே அதை ஒரு பறவைப்படக் குழுவில் போட்டோம். மூத்த படக்காரர் ஒருவரின் பதில் முதலில் வந்தது. ஆங்கிலத்தில் ‘பரையா கைட்’ என்று பெயர் சொல்லி, இது குப்பைப் பறவை, இதற்கெல்லாம் மெமரி கார்டை வீணாக்காதே, ‘பிராமினி கைட்’ வரும், காத்திரு என்று எழுதியிருந்தார்.

அவர் கெட்ட எண்ணத்தில் எழுதியதாக நாங்கள் நினைக்கவில்லை. அறிவுரை சொன்னதாகவே நம்பியிருப்பார்.

“பரையான்னா நம்மளத்தானக்கா சொல்றாங்க?” என்று அவள் கேட்டாள். சமூகவியலில் முதுகலை முடித்த எங்களுக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

ஆமாம், நம்மைத்தான். பறையர் என்ற தமிழ்ச் சொல் ஆங்கிலத்துக்குப் போய், ஒதுக்கப்பட்டவர் என்ற பொருளில் உலகம் முழுக்கச் சுற்றுகிறது. மதராஸ் படையில் மருத்துவராக இருந்த ஜெர்டன், 1862இல் வெளியிட்ட இந்தியப் பறவைகள் நூலில் ஊருக்குள் திரியும் இந்தப் பருந்தை அந்தப் பெயரில்தான் எழுதினார். 1941இல் வந்த சாலிம் அலியின் புத்தகத்திலும் அதே பெயர். வெள்ளைத் தலையும் செம்பழுப்பு உடலும் கொண்ட செம்பருந்துக்கோ பிராமணப் பெயர். கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்வதும் அதைப் பார்த்துத்தான்.

இரண்டும் என்ன சாப்பிடுகின்றன? செம்பருந்தும் செத்த மீனையும் நண்டையும் பொறுக்கும், துறைமுகத்துக் கழிவுக்கு இறங்கும், மற்ற பறவை பிடித்ததைப் பறித்தும் தின்னும். பறவைகளுக்குள் இதில் உயர்வு தாழ்வு எதுவும் இல்லை. பார்த்தவர்கள் தங்கள் ஊரின் சேரியையும் அக்கிரகாரத்தையும் வானத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், 1832இல் சைக்ஸ் இந்தக் கரும்பருந்துக்குக் கொடுத்த அறிவியல் பெயர் கோவிந்தா! உள்ளினப் பெயராக இன்றும் அது இருக்கிறது.

இன்றைய பெயர்ப் பட்டியல்களில் கரும்பருந்து ஆங்கிலத்தில் ‘பிளாக் கைட்’ ஆகிவிட்டது. நல்லது. ஆனால் பிராமினி கைட் அப்படியே இருக்கிறது. கூடவே பிராமினி ஸ்டார்லிங். இழிவான பெயரை எடுத்தாயிற்று, பெருமைக்குரிய பெயர் யாரைப் புண்படுத்துகிறது என்று கேட்பார்கள். சாதியை இழிவின் பக்கம் மட்டுமே பார்க்கிறவர்களின் கேள்வி இது. உயர்வும் அதே ஏற்பாட்டின் பாதிதான். பழைய பெயரோ பட்டியலை விட்டுப் போனாலும் படங்களுக்குக் கீழே இன்னும் உலவுகிறது.

பெயரை மாற்றினால் பறவையியலே குழம்பிவிடும் என்பது அடுத்த வாதம். அமெரிக்காவில் அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட கூட்டமைப்புப் படையின் தளபதி மெக்கௌன் பெயரிலிருந்த பறவைக்கு 2020இல் வேறு பெயர் வைத்தார்கள். மனிதர்களின் பெயரைத் தாங்கும் பறவைப் பெயர்களையே தன் வரம்புக்குள் மாற்றப்போவதாக அமெரிக்கப் பறவையியல் சங்கம் 2023 நவம்பரில் அறிவித்தது. அங்கே யாரும் கேமராவை மூட்டை கட்டிவிடவில்லை.

எங்கள் தோழர்களுக்குள்ளேயே ஒரு மாற்றுக் கருத்து உண்டு. பறையை நாம் மீட்டெடுத்தது போல இந்தப் பருந்தின் பழைய பெயரையும் பெருமையாக எடுத்துக்கொள்ளலாமே என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பறை நம் கையில் இருந்தது, அதை அடித்தவர்கள் நாம். இந்தப் பெயரை நாம் பருந்துக்கு வைக்கவில்லை. கேமராவை அப்போதுதான் கையில் வாங்கிய பதினான்கு வயதுப் பிள்ளை மேல் அந்தச் சுமையை ஏற்ற எங்களுக்கு மனம் ஒப்பவில்லை.

குழுவில் பதில் எழுதினோம். சிலர் விருப்பக்குறி போட்டார்கள். நிர்வாகி தனிச்செய்தியில், இங்கே அரசியல் வேண்டாமே என்றார். பிராமினி என்ற சொல் அரசியலா என்று கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை. தமிழில் எழுதும்போதாவது செம்பருந்து, கரும்பருந்து என்று எழுதுங்கள் என்று கேட்டிருக்கிறோம். நல்ல தமிழ்ப் பெயர்கள் கையிலிருக்க, ஆங்கிலச் சாதிப் பெயரைத் தமிழெழுத்தில் எழுதிப் போடுகிறவர்களை என்ன சொல்வது.

படத்தை நீக்கிவிடலாமா என்று அவளிடம் கேட்டோம். வேண்டாம் என்றாள். தலைப்பை மட்டும் அவளே திருத்தினாள்: கரும்பருந்து, பெருங்குடி, மாலை 5.20. அடுத்த ஞாயிறு செம்பருந்தையும் எடுக்க வேண்டுமாம், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாலைக் காட்டுவதற்கு. அதன் வால் பிளவில்லாமல் உருண்டையாக இருக்கும் என்று யாரும் சொல்லாமலே கவனித்து வைத்திருக்கிறாள்.