மீட்டமைத்தல் எனும் சொல்

அறிவியல் தமிழ் வளர வேண்டும் என்பதில் நம்மிடையே கருத்து வேறுபாடு இல்லை. கலைச்சொல் ஆக்கும் ஆர்வமும் குறையவில்லை. ஆயினும் ஒரு சொல் எச்செயலைச் சுட்டுகிறதோ அச்செயலைக் கேட்டறியாமல், அகராதியை மட்டும் புரட்டிச் சொல் படைக்கும் வழக்கம் நம்மை விட்டு இன்னும் அகலவில்லை. 'ரீசெட்' என்பதற்கு 'மீட்டமை' என நாம் வழங்கிவருவதை இதற்குச் சான்றாகக் காட்டலாம். கைப்பேசியில் அச்சொல்லால் தீங்கு ஏதும் இல்லை. சிங்க்ரோட்ரான் கூடத்தில் உண்டு என்பது நம் கருத்து.

ஏறத்தாழ ஒளியின் வேகத்தில் விரையும் எலக்ட்ரான்களைக் காந்தங்களால் வளைத்து வட்டமிடச் செய்தால், வளையுமிடங்களில் அவை செறிவான எக்ஸ் கதிர்களை உமிழ்கின்றன. அக்கதிர்களை ஆய்வு மேடை வரை கொண்டுசெல்லும் குழாய்த் தொடரே கதிர்த்தடம். இந்தூரில் உள்ள இராஜா இராமண்ணா உயர் தொழில்நுட்ப மையத்தின் இண்டஸ்-2 வளையம் 250 கோடி எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் இயங்குவது. சுற்றளவு சுமார் 172 மீட்டர். அமெரிக்காவில் சிகாகோவுக்கு அருகில் ஆர்கான் ஆய்வகத்தில் உள்ள வளையத்தின் சுற்றளவோ 1,104 மீட்டர். அளவில் வேறுபடினும் இவை அனைத்துக்கும் உயிர்நாடி வெற்றிடமே. வளையத்தினுள் காற்றழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் ஏறத்தாழ இலட்சம் கோடியில் ஒரு பங்காக இருத்தல் வேண்டும். வாயு மூலக்கூறுகள் மிகுந்தால் எலக்ட்ரான்கள் அவற்றுடன் மோதிச் சிதறும். கதிர்த்தடத்து ஆடிகளில் கரிப்படலம் படியும்.

எனவே கதிர்த்தடத்தைப் பல பகுதிகளாகப் பிரித்து இடையிடையே அடைப்பிதழ்களை வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பகுதியிலும் அழுத்தமானிகள் உண்டு. எங்கேனும் அழுத்தம் குறித்த எல்லையைத் தாண்டினால் கருவிப் பாதுகாப்பு அமைப்பு தானே விழித்தெழுகிறது. முதலில் கதிரைத் தடுப்பான் மறிக்கிறது. அதன் பின்னரே அடைப்பிதழ் மூடுகிறது. இவ்வரிசை மாறலாகாது, வடிகட்டப்படாத கதிரின் வெப்பத்தை அடைப்பிதழ் தாங்காது.

இனித்தான் நாம் சொல்ல வந்த செய்தி. அழுத்தம் பழைய நிலைக்குத் திரும்பிய பின்னும் அவ்வமைப்பு தானாகத் திறந்துகொள்வதில்லை. பழுது நேர்ந்த செய்தியைப் பூட்டி வைத்துக்கொண்டு காத்திருக்கிறது. மனிதர் ஒருவர் வந்து பொத்தானை அழுத்த வேண்டும். இயந்திரத்துக்குத் திறக்கத் தெரியாமல் அல்ல. ஏன் மூடியது என்பதை ஒருவர் ஆராய்ந்தறிய வேண்டும் என்பதற்காகவே அவ்வாறு வகுத்திருக்கிறார்கள்.

ஆராய வேண்டியவை பல. ஒரே ஒரு மானி மட்டும் பழுது காட்டிற்றா, அடுத்தடுத்த மானிகளும் காட்டினவா? அயனி எக்கியின் மின்னோட்டமும் உடன் உயர்ந்ததா? உயராவிடில் மானியோ அதன் கம்பியோ பழுதாகியிருக்கலாம். புதிதாகப் பொருத்திய உறுப்பின்மேல் முதன்முதலாகக் கதிர் பட்டு அது வாயுவை உமிழ்ந்ததா, அன்றிக் குளிர்நீர் உள்ளே கசிகிறதா? முன்னதாயின் பொறுத்திருந்தால் தணியும். பின்னதாயின் பொறுக்கப் பொறுக்கக் கேடு பெருகும். இவற்றைத் தெளிந்து, இருபுறமும் அழுத்தம் சீரான பின்னரே அடைப்பிதழைத் திறக்கலாம். அவசரப்பட்டுத் திறந்தால் கெட்ட பகுதியின் வாயு நல்ல பகுதிக்குள் புகுந்துவிடும்.

தொலைவிலிருந்து வரும் ஆய்வாளருக்குக் கிடைப்பதோ சில நாள்களே. நள்ளிரவிலும் கதிர் வந்துகொண்டிருக்கிறது. ஒவ்வொரு பழுதுக்கும் இத்தனை விசாரணை நடத்த இயலுமா எனக் கேட்பாருளர். நியாயமான கேள்விதான். காரணமின்றி அடிக்கடி மூடும் அமைப்பு, தன் எச்சரிக்கையின் மதிப்பைத் தானே கெடுத்துக்கொள்கிறது என்பதையும் ஒப்புகிறோம். அத்தகைய அமைப்பின் எல்லைகளை உரியவர்கள் திருத்தி அமைக்க வேண்டும். அதற்காகப் பொத்தானை அழுத்தி அழுத்திப் பழகுவதும், மானியின் வாயை அடைத்துச் சுற்றுவழி அமைப்பதும் தகா. ஃபியூஸ் எரிந்துபோன இடத்தில் தடித்த கம்பியை முறுக்கி வைக்கும் வேலையை நம் விடுதிகளிலும் வீடுகளிலும் கண்டிருக்கிறோம். அன்றிரவு விளக்கு எரியத்தான் செய்யும்.

பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு வேறொரு துறையிலிருந்து சான்று உண்டு. புற்றுநோய்க்குக் கதிர் பாய்ச்சும் தெராக்-25 எனும் முடுக்கி எந்திரத்தில் 1985 முதல் 1987 வரை ஆறு பேருக்கு அளவுமீறிய கதிர் பாய்ந்தது. முந்தைய வகைகளில் இருந்த தனித்த பாதுகாப்புப் பூட்டுகளை நீக்கி, மென்பொருளையே நம்பியிருந்தனர். எந்திரம் அடிக்கடி புரியாத எண்ணைக் காட்டி நிற்கும். 'பி' எனும் விசையைத் தட்டினால் மேலே செல்லும். 1986 மார்ச்சில் டெக்சாஸின் டைலர் நகரில் அது 54 எனும் பழுதெண்ணைக் காட்டி நின்றது. இயக்குநர் வழக்கம்போல் அவ்விசையைத் தட்டினார். நோயாளிக்கு இரண்டாம் முறையும் கதிர் பாய்ந்தது. சில மாதங்களில் அவர் இறந்தார். அந்த இயக்குநரைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. அந்த எண்ணின் பொருளை அவருக்கு எவரும் சொல்லி வைக்கவில்லை.

சொல்லுக்கு வருவோம். 'மீட்டமை' என்றால் கெட்டது சீராயிற்று எனும் பொருளே கேட்பவர் மனத்தில் எழும். பொத்தானோ எதையும் சீராக்குவதில்லை. கசிவு அங்கேயே இருக்கும். அடகு வைத்த நகையை மீட்பவரும் கடனைத் தீர்த்த பின்னரே அதைக் கையில் வாங்குகிறார். இங்குக் கடனைத் தீர்க்காமலே 'மீட்டேன்' எனச் சொல்ல அச்சொல் இடந்தருகிறது. பொத்தானை அழுத்துபவர் உண்மையில் செய்வது, 'காரணத்தைக் கண்டேன், இனித் தடை வேண்டா' என்று பொறுப்பேற்று ஒப்பமிடுவதே. ஆகவே பாதுகாப்பு அமைப்புகளைப் பொறுத்தவரை 'தடைநீக்க ஒப்புதல்' எனும் தொடரை முன்வைக்கிறோம். சற்று நீளந்தான், பொத்தானின்மேல் பொறிக்க இடம் போதாது எனலாம். இயற்பியல் துறை நண்பர்கள் இதனினும் குறுகிய, பொருள் வழுவாத சொல்லைத் தந்தால் நம்முடையதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம்.